மேய்ச்சல் நாட்டுக்கோழியும் பருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் குஞ்சு கொண்டுபோகும்போதெல்லாம், வாங்குகிறவர்கள் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது பருந்தைப் பற்றித்தான். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காரிமங்கலம், ஊத்தங்கரை, பர்கூர் பக்கத்திலிருந்து போன் செய்கிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவுமே என்று, கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். வீட்டைச் சுற்றி ஐந்து முதல் ஐம்பது கோழி வரை திறந்துவிட்டு வளர்க்கிறவர்களுக்கானது இது.

எங்க வீட்டுக் குஞ்சைத் தூக்குறது எந்தப் பருந்துங்க? எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது.

நம் பக்கம் வீட்டுக்கோழியை நெருங்கி வருபவை முக்கியமாக மூன்று. உயரத்தில் வட்டமடிக்கும், வால் நுனி கவட்டை போலப் பிளந்திருக்கும், கரும்பழுப்பு நிறத்தது கரும்பருந்து. சிலர் கள்ளப்பருந்து என்பார்கள். தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்காவி என்றால் அது கிருஷ்ணப் பருந்து, அதாவது நாம் கும்பிடும் கருடன். கிருஷ்ணகிரி அணை, பாரூர் ஏரி போலத் தண்ணீர் தேங்கும் இடங்களை ஒட்டி அதிகம் பார்க்கலாம். மீனும் நண்டும் தவளையும்தான் அதற்கு முதல் தீனி. குஞ்சு கண்ணில் பட்டால் விடாது என்றாலும், அதற்காகவே தேடி வருவது குறைவு.

மூன்றாவது வல்லூறு. புறா அளவுதான் இருக்கும். சாம்பல் முதுகு, மார்பில் மெல்லிய செம்பழுப்பு வரிகள், வளர்ந்த ஆணுக்குக் கண் சிவந்திருக்கும். இது வானத்தில் சுற்றி நோட்டம் பார்க்கிற பறவை இல்லை. புளியமரத்திலோ மாமரத்திலோ இலை மறைவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து, தரையை ஒட்டிப் பறந்து வந்து ஒரே மூச்சில் அடித்துவிடும். "மேலே ஒண்ணுமே இல்லைங்க, ஆனா குஞ்சு போயிடுச்சு" என்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் இதன் வேலைதான்.

மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும், வெள்ளையும் சாம்பலுமாக, தோளில் கறுப்புப் பட்டையோடு இருக்கும் சின்னப் பருந்து ஒன்று உண்டு. வயலுக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். அது எலியும் வெட்டுக்கிளியும் பிடிப்பது. அதை விரட்டவே வேண்டாம்.

பருந்துதான் தூக்கிச்சுன்னு எப்படி உறுதியா சொல்றது? யாரும் கண்ணால பார்க்கலையே.

பகலில் ஒரே ஒரு குஞ்சு, தடயமே இல்லாமல் காணாமல் போயிருந்தால் பருந்து, வல்லூறு, காகம் மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். வல்லூறு சில சமயம் பக்கத்து மரத்தடியிலேயே வைத்து இறகைப் பிடுங்கித் தின்னும். அங்கே முழு இறகுகள் ஒரு வட்டமாகக் கிடக்கும். ஓர் இறகை எடுத்து அடித்தண்டைப் பாருங்கள். முழுசாகப் பிடுங்கப்பட்டிருந்தால் பறவை. கடித்து நறுக்கின மாதிரி தண்டு உடைந்து, எச்சில் பட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் பூனை, நாய், கீரி.

ஒரே நேரத்தில் நாலைந்து செத்துக் கிடந்து, கழுத்திலோ தலையிலோ கடி இருந்தால் கீரி. வெட்டவெளியில் சிதறிக் கிடந்து, தின்னாமல் விட்டிருந்தால் தெருநாய். ராத்திரியில் குஞ்சு குறைந்தால் பருந்துமீது பழி போடாதீர்கள். பெருச்சாளி, பாம்பு, மரநாய், காட்டுப்பூனை என்று அந்த வரிசை வேறு. இதைச் சரியாகக் கண்டுபிடிக்காமல் வலைக்குச் செலவு செய்துவிட்டு, கீரி நுழையும் பொந்தை அப்படியே விட்டு வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

எந்த வயசு வரைக்கும் பயப்படணும்?

வல்லூறின் எடையே கால் கிலோவுக்குள்தான். கரும்பருந்து முக்கால் கிலோ சுற்றி இருக்கும். தன் எடைக்குச் சமமானதைத் தூக்கிக்கொண்டு எந்தப் பறவையாலும் வசதியாகப் பறக்க முடியாது. அதனால் அரை கிலோ எட்டிய கோழியை இவை இரண்டும் பெரும்பாலும் தொடுவதில்லை. நாட்டுக்குஞ்சு அந்த எடைக்கு வரப் பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும். அதிலும் பொரித்த நாளிலிருந்து ஆறு வாரம்தான் மிக ஆபத்தான காலம்.

பருந்துப் பிரச்சினை என்பது கோழிப் பிரச்சினை இல்லை, குஞ்சுப் பிரச்சினை. இதை மனதில் வைத்தால் செலவு பாதியாகக் குறையும். முழுத் தோட்டத்துக்கும் வலை வேண்டாம். குஞ்சு இருக்கும் இடத்துக்கு மட்டும், முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும் மேலே மறைப்பு இருந்தால் போதும்.

நாள் முழுக்கக் காவல் இருக்க முடியாதுங்க. எந்த நேரத்துல கவனமா இருக்கணும்?

கரும்பருந்தும் கருடனும் வெயில் ஏறி, சூடான காற்று மேலே எழும்பிய பிறகுதான் இறக்கையை அசைக்காமல் உயரத்தில் மிதந்து தேடும். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நாலு மணி வரை அவற்றின் நேரம். வல்லூறு அப்படி இல்லை. அதற்குச் சூடான காற்று தேவையில்லை, அதனால் விடிந்த கொஞ்ச நேரத்திலும் சாயங்காலத்திலும்கூட அடிக்கும்.

கரும்பருந்து மட்டும் வரும் வீடு என்றால், விடிந்ததும் ஒரு மணி நேரமும் நாலரைக்குப் பிறகும் தாயோடு குஞ்சைத் திறந்துவிடலாம். வல்லூறு உட்காரும் மரம் வீட்டை ஒட்டி இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் விடுங்கள். பால் கறக்கிற நேரம், பாத்திரம் கழுவுகிற நேரம் இப்படி எதனுடனாவது சேர்த்துக்கொண்டால் தனியாகக் காவல் காக்க வேண்டியிருக்காது.

எந்த மாசத்துல தொல்லை அதிகம்?

ஜனவரி கடைசியிலிருந்து மே வரை. கரும்பருந்து பனிக்காலத்திலேயே கூடு கட்டிவிடும், வல்லூறு கோடையில் கட்டும். கூட்டில் குஞ்சு வாயைத் திறந்துகொண்டு இருக்கும்போது அவை ஒரு நாளில் பல தடவை இரை தேடும். அதே சமயம் நம் பக்கம் ராகி, துவரை அறுப்பு முடிந்து நிலம் மொட்டையாகக் கிடக்கும். புங்கனும் வேம்பும் இலை உதிர்த்து நிற்கும். மேலிருந்து பார்க்கிற கண்ணுக்குக் குஞ்சு தப்பவே தப்பாது.

முடிந்தால் மாசி, பங்குனியில் நிறைய அடை வைக்காதீர்கள். அடைக்கு 21 நாள், அதற்கு மேல் ஆறு வாரம் என்று கூட்டிப் பார்த்து, ஆடி மழைக்குப் பிறகு செடி கொடி தழைத்திருக்கும்போது குஞ்சு வெளியே வருகிற மாதிரி வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

பஞ்சாரத்துல கவுத்து வெச்சாலே போதும்னு எங்க ஆயா சொல்றாங்க. சரிதானா?

ஆயா சொல்வது சரி. மூங்கில் பஞ்சாரத்துக்கு நிகரான பாதுகாப்பு முதல் மூன்று வாரத்துக்கு வேறு கிடையாது. சில விஷயங்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னல் இடைவெளி பெரிதாக இருந்தால் குஞ்சு தலையை வெளியே நீட்டும், காகம் அதைக் கொத்தி இழுத்துவிடும். கீழ்ப்பக்கம் ஓரடி உயரத்துக்குப் பழைய கொசுவலையைச் சுற்றித் தைத்துவிடுங்கள். காற்றில் புரளாமல் இருக்க உச்சியில் ஒரு கல் வையுங்கள்.

பங்குனி, சித்திரை வெயிலில் பஞ்சாரத்தை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். காலையில் நிழலாக இருந்த இடம் பதினோரு மணிக்கு வெயிலாகிவிடும், குஞ்சு உள்ளேயே சுருண்டுவிடும். பருந்திடம் இழந்ததைவிட இப்படி வெயிலில் இழந்தது அதிகம் என்று சொல்லும் வீடுகள் உண்டு. தண்ணீர்த் தட்டு எப்போதும் உள்ளே இருக்கட்டும்.

கூண்டு கட்டக் காசு இல்லைங்க. செலவில்லாம என்ன செய்யலாம்?

ஒளிய இடம் செய்து கொடுங்கள். பருந்திடம் பிழைக்கிற குஞ்சு சண்டை போட்டுப் பிழைப்பதில்லை, ஓடி ஒளிந்து பிழைக்கிறது. தாய் குரல் கொடுத்ததும் சில வினாடிக்குள் எதற்காவது அடியில் நுழைய வேண்டும். எங்கே நின்றாலும் பத்தடிக்குள் ஒரு மறைவு இருக்கும்படி முற்றத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். மாட்டுவண்டியின் அடி, வைக்கோல் போரின் ஓரம், பழைய கயிற்றுக் கட்டில் எல்லாம் நல்ல மறைவுகள். நடுவில் வெட்டவெளியாக இருக்கும் இடத்தில் நாலு கல் வைத்து, அதன்மேல் பின்னிய தென்னை ஓலைத் தட்டியை ஓரடி உயரத்தில் போட்டுவிடுங்கள். குஞ்சு நுழையும், பருந்து நுழையாது.

செடி இன்னும் நல்லது. கிளுவை வேலி, நொச்சி, ஆமணக்கு, செம்பருத்தி எல்லாம் நம் மண்ணில் அதிகத் தண்ணீர் கேட்காமல் வளரும். வேலியின் அடிக்கிளையை வெட்டாமல் தரை வரை தழைய விடுங்கள். மல்பெரி வைத்திருப்பவர்களுக்கு அதுவே பெரிய கூரை. ஆனால் பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கும் வரிசைகளில் கோழியை விட வேண்டாம். மருந்து தெளித்த தோட்டமாகவும் இருக்கக் கூடாது. கவாத்து செய்த மறுநாள் அந்த இடம் மொட்டையாகிவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

என் கணக்கில் எல்லாவற்றையும்விட நல்லது காய்கறிப் பந்தல். கிருஷ்ணகிரிப் பக்கம் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல் எத்தனையோ தோட்டங்களில் இருக்கிறது. வீட்டோரம் நாலு தூணில் பீர்க்கன், சுரை, பந்தல் அவரை ஏற்றினால் காயும் கிடைக்கும், அடியில் குஞ்சும் மேயும். தீனியைப் பந்தலடியில் மட்டுமே போடுங்கள். மண்சட்டியில் சாணமும் பழைய சாக்குத் துண்டும் நிரப்பித் தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்துக் கறையான் பிடிக்கிற பழக்கம் உள்ளவர்கள், அந்தச் சட்டியையும் பந்தலடியில்தான் திறக்க வேண்டும். தீனி எங்கேயோ அங்கேதான் கோழி நாள் முழுக்க நிற்கும்.

வலை போட்டுடலாம்னு இருக்கேன். எந்த வலை வாங்கறது?

குஞ்சு இருக்கும் பகுதிக்கு மட்டும், சுவரை ஒட்டிப் பத்தடிக்கு எட்டடி போதும். பச்சை நிழல்வலை இரண்டு வேலை செய்யும். வெயிலையும் தடுக்கும், மேலிருந்து பார்க்கிற கண்ணையும் மறைக்கும். நைலான் வலை என்றால் ஓர் அங்குலத்துக்கு மேல் கண் பெரிதாக வேண்டாம். எந்த வலையாக இருந்தாலும் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொங்குகிற வலையில்தான் பறவையும் பாம்பும் சிக்கிக்கொண்டு சாகும். பழைய மீன்வலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கித் தரையோரம் சுருட்டி விடுவது இதனாலேயே கூடாது.

பட்டுப்புழு வளர்ப்பு மனையில், புழுவைத் தாக்கும் ஊசி ஈ வராமலிருக்கக் கட்டிய நைலான் வலை பழசானால் தூக்கிப் போடாதீர்கள். பஞ்சாரத்துக்குச் சுற்றவும் சின்னக் கூண்டுக்கு மேல் போடவும் அது அளவானது.

முழுசா வலை போடாம, மேல குறுக்கும் நெடுக்கும் கயிறு மட்டும் கட்டினா வராதாமே?

கரும்பருந்துக்கு இது நன்றாகவே வேலை செய்யும். அதன் இறக்கை விரிப்பு ஏறத்தாழ ஐந்தடி. இறங்கினால் திரும்ப ஏற இடம் வேண்டும், கயிறு தெரிந்தால் தயங்கும். தக்காளிச் செடிக்குக் கட்டி மிஞ்சிய கொம்பும் கயிறும் பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் எந்த வீட்டிலும் இருக்கும். ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்தில், இரண்டு மூன்றடி இடைவெளியில் கட்டுங்கள்.

வல்லூறின் விரிப்பு இரண்டடி அளவுதான், கயிற்றுக்கு இடையே புகுந்துவிடும். காகத்துக்கும் இது தடையில்லை. தூண்டில் நரம்பு, மாஞ்சா நூல் இரண்டும் கட்டவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத நூல் பறவையின் இறக்கையை அறுக்கும், நம் வீட்டுப் பிள்ளைகளின் கழுத்தையும்.

பழைய சிடி, மினுக்கு நாடா, சோளக்கொல்லை பொம்மை இதெல்லாம் பிரயோஜனமா?

கொஞ்ச நாளைக்கு. அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும் எதையும் பருந்து சீக்கிரமே புரிந்துகொள்ளும். பொம்மையின் தலைமேலேயே வந்து உட்காரும். மூன்று நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றி, சட்டையை மாற்றி வைத்தால் பலன் நீடிக்கும். குஞ்சு பொரித்த முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள், வருஷம் முழுக்கத் தொங்கவிடாதீர்கள்.

செத்த காக்கையைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம். செத்த பறவையை முற்றத்தில் வைத்திருப்பது நோயைக் கூப்பிட்டு வீட்டுக்குள் உட்கார வைப்பது.

தாய்க்கோழி இருக்கும்போது எப்படித் தூக்குது? அது சண்டை போடாதா?

நல்ல தாய் பாய்ந்து அடிக்கும். சிறுவிடை என்ற சிறிய உடல்வாகு நாட்டுக்கோழிப் பெட்டை ஒன்று குஞ்சோடு மேயும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். கிளறிக்கொண்டே இருக்கும், திடீரென்று கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்க்கும். சந்தேகம் வந்தால் இழுத்த ஒரே குரல் கொடுக்கும். நாயோ பூனையோ என்றால் விட்டுவிட்டுக் கொக்கரிக்கும், வானத்துக்குக் கொடுக்கும் குரல் அது இல்லை. அந்த இழுத்த குரல் கேட்டதும் குஞ்சு கேள்வி கேட்காமல் ஓடி ஒளியும், இல்லையென்றால் இருந்த இடத்திலேயே அசையாமல் படுத்துவிடும்.

தாய் இருந்தும் தூக்குகிறது என்றால் பெரும்பாலும் குஞ்சு எண்ணிக்கை அதிகமாக இருக்கும், அல்லது ஒளிய இடம் இருக்காது. பத்துப் பன்னிரண்டுக்கு மேல் ஒரு தாயால் கட்டி மேய்க்க முடியாது. தாய் எது என்பதும் முக்கியம். அடையில் நன்றாக உட்கார்ந்து, ஆள் கை நீட்டினால் கொத்த வருகிற பெட்டையைக் கறிக்குப் போடாதீர்கள், விற்காதீர்கள்.

இன்குபேட்டர் குஞ்சு வாங்கிட்டு வந்தேன். இருபதுல பாதிகூட மிஞ்சலை. ஏன்?

மேலே சொன்ன அந்தக் குரலைக் கொடுக்க ஆள் இல்லை. தாயில்லாத குஞ்சு வெட்டவெளியில் கூட்டமாக நின்று கத்தும். வல்லூறுக்கு அதைவிட வசதி கிடையாது. இவற்றைப் பத்து வாரம் வரை மூடிய இடத்திலேயே வளர்த்து, பிறகு ஏற்கெனவே மேய்ந்து பழகிய கோழிகளோடு சேர்த்து விடுங்கள்.

வீட்டில் அடைக்கோழி இருந்தால் இன்னொரு வழி உண்டு. பொரித்து ஓரிரு நாளான குஞ்சுகளை இருட்டிய பிறகு அதன் வயிற்றுக்கடியில் ஒவ்வொன்றாக நுழைத்துவிட்டால், காலையில் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொண்டதா என்று விடியும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள்.

சந்தையில கலர் குஞ்சு விக்கிறாங்களே, சாயம் அடிச்சா பருந்து தூக்காதுன்னு சொல்றாங்க?

அதை நம்பி விடாதீர்கள். அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள், பொரிப்பகத்துக்குத் தேவைப்படாதவை. சாயத்துக்குள் நனைந்து, தாய்ச்சூடு இல்லாமல் வந்திருப்பதால் பருந்து வரும் முன்பே பல செத்துவிடும். உங்கள் குஞ்சுக்கு நீங்கள் சாயம் அடிக்கவும் வேண்டாம்.

நிறம் முக்கியம் என்பது மட்டும் உண்மை. வெள்ளைக் குஞ்சு செம்மண்ணில் தூரத்திலிருந்தே தெரியும். பழுப்பில் கோடு போட்ட நாட்டுக்குஞ்சு சருகுக்குள் படுத்தால் நமக்கே தெரியாது.

நாய் வளர்த்தா போதுமா? கினிக்கோழி வாங்கலாமா?

சின்ன வயதிலிருந்தே கோழியோடு பழகிய நாய் முற்றத்தில் படுத்திருந்தாலே கரும்பருந்து இறங்கத் தயங்கும். வெளியே வளர்ந்த நாயைக் கொண்டுவந்து காவலுக்கு விட்டால் அதுவே குஞ்சைப் பிடிக்கும். கினிக்கோழி சத்தம் போடுவதில் கெட்டிக்காரி. வானத்தில் எது தெரிந்தாலும் ஊரைக் கூட்டும். ஆனால் சண்டை போட்டு விரட்டாது, அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடிவர ஆள் வேண்டும். பக்கத்து வீடு நெருக்கமாக இருந்தால் யோசித்து வாங்குங்கள். ஒரு நல்ல சேவலும் இதே வேலையைச் செய்யும்.

எங்களுக்குப் பருந்தைவிட காக்காதான் தொல்லை. என்ன பண்றது?

காகம் முதல் இரண்டு வாரக் குஞ்சைத்தான் எடுக்கும், முட்டையையும் எடுக்கும். செம்போத்தும் அப்படியே. காகத்தை வீட்டுக்கு அழைத்து வருவது நாம் போடும் எச்சில் சோறும் கோழிக் கழிவும். கோழி அறுத்த குடலை வேலிக்கு அந்தப் பக்கம் எறிவது காகத்துக்கும் கரும்பருந்துக்கும் தினமும் விருந்து வைப்பது மாதிரிதான். ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். கறிக்கடைக் கழிவு கொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால், ஊராட்சியில் சொல்லி அதை மாற்றவைக்காமல் நீங்கள் என்ன வலை கட்டினாலும் போராட்டம் ஓயாது.

கரிச்சான் குருவி இருக்கிற மரத்துப் பக்கம் பருந்து வராதாமே, நிஜமா?

நிஜம். இரட்டைவால் கரிச்சான் கூடு கட்டியிருக்கும் சமயத்தில் கரும்பருந்து, காகம், வல்லூறு எதுவாக இருந்தாலும் முதுகில் ஏறிக் கொத்தித் துரத்தும். அதன் கூட்டை நம்பி மற்றக் குருவிகளும் பக்கத்திலேயே கூடு கட்டுவதைப் பார்க்கலாம். அந்த மரத்தின் கிளையைக் கோடையில் வெட்டாதீர்கள்.

பூச்சி பிடிக்கட்டும் என்று வயலில் நடும் பறவைக் குச்சியைக் குஞ்சு மேயும் முற்றத்தில் நடாதீர்கள். கரிச்சான் உட்காரும் அதே குச்சியில் வல்லூறும் உட்கார்ந்து குறி பார்க்கும்.

ஒரு தடவை தூக்கிட்டுப் போன பருந்து தினமும் அதே நேரத்துக்கு வருது. எப்படி நிறுத்தறது?

கிடைத்த இடத்துக்குத் திரும்பி வருவது அதன் இயல்பு. அடுத்த பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு குஞ்சுகூடக் கண்ணில் படக்கூடாது. தாயோடு சேர்த்து மூடிய இடத்துக்குள் வைத்துவிடுங்கள். நாலைந்து தடவை வெறுங்காலோடு திரும்பினால் வேறு இடம் பார்க்கும். அந்த நாட்களுக்குள் மேலே சொன்ன தட்டியும் பந்தலும் தயார் செய்துவிடுங்கள். இல்லையென்றால் திறந்துவிட்ட அன்றே பழைய கதை தொடங்கும்.

எப்பவும் சோர்ந்த குஞ்சையே தூக்குதே, அது ஏன்?

பிடிக்க எளிதானதை எடுக்கிறது. ஓடாமல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும் குஞ்சு மற்றவை ஒளிந்த பிறகும் வெளியே நிற்கும். இப்படி அடிக்கடி நடந்தால் பருந்தை விட்டுவிட்டு எச்சத்தைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அது ஒரு வீட்டுக் கோழி மொத்தத்தையும் ஒரே வாரத்தில் முடிக்கக்கூடியது. ஏழாம் நாள் கண்ணில் விடும் லசோட்டா சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள். வளர்ந்த கோழிகளுக்குக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி எப்போது போடுகிறார்கள் என்று கேட்டு வையுங்கள்.

வளர்ப்பை முறையாகக் கற்க நினைப்பவர்களுக்கு மத்திகிரியில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியும், பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் மையமும் இருக்கின்றன. நேரில் போய்க் கேளுங்கள்.

கருடனை விரட்டினா பாவம்னு வீட்டுல விட மாட்டேங்கிறாங்க.

விரட்ட வேண்டிய அவசியமே இல்லை. குஞ்சை மறைத்து வைப்பதில் யாருக்கும் பாவம் வராது. கைதட்டி, தட்டைத் தட்டிச் சத்தம் போட்டால் அது வேறு பக்கம் போய்விடும், அதற்கு ஒரு காயமும் இல்லை. வீட்டுப் பெரியவர்களிடம் இப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்.

சரிங்க, ஆனா இவ்வளவு நஷ்டம் ஆகுது. ஏர்கன்ல சுட்டாலோ, செத்த கோழியில மருந்து வெச்சாலோ என்ன?

உங்கள் கோபம் புரிகிறது. அடை வைத்து, கண்ணில் வைத்து வளர்த்த குஞ்சு கண்ணெதிரே போனால் யாருக்கும் வயிறு எரியும். ஆனாலும் செய்யாதீர்கள். பருந்து, வல்லூறு, ஆந்தை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. சுடுவது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது மட்டுமல்ல, கூட்டைக் கலைப்பதும் முட்டையை உடைப்பதும்கூட அந்தச் சட்டப்படி வேட்டைதான். சிறைத் தண்டனை வரை போகும்.

சட்டத்தை விடுங்கள், பலனும் இல்லை. ஒரு ஜோடி வல்லூறு போனால் அந்த இடம் காலியாக இருக்காது, கொஞ்ச நாளில் இன்னொன்று வந்து உட்காரும். குருணை மருந்து தடவிய கோழியைப் பருந்துதான் தின்னும் என்று எந்த நிச்சயமும் கிடையாது. உங்கள் நாய், பக்கத்து வீட்டுப் பூனை, மயில், கடைசியில் உங்கள் கோழியே கொத்தும். நிலக்கடலை, ராகி வயலில் எலியைக் குறைப்பதும் இதே பறவைகள்தான் என்பதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், இங்கும் சொல்கிறேன்.

நாங்க அஞ்செட்டி பக்கம். எங்களுக்குப் பெரிய கோழியையே அடிச்சுப் போட்டிருக்கு. அதுவும் பருந்தா?

காட்டோரம் என்றால் இருக்கலாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பெண்ணாகரம் பக்கங்களில் காவிரி வடக்கு, காவிரி தெற்கு சரணாலயக் காடுகளை ஒட்டிய ஊர்களில் குடுமிப் பருந்து இருக்கிறது. ஒன்றரை கிலோ சுற்றி எடை, தலையில் கொண்டை போல இறகு. பெரிய பெட்டையையே அடித்து, தூக்க முடியாவிட்டால் அங்கேயே வைத்து மார்புக்கறியைத் தின்னும். பாறைக்குன்றுகள் உள்ள இடத்தில் இராசாளி என்ற பெரிய கழுகும் வரலாம்.

வயது பற்றி முன்பு சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மேய்ச்சலை வீட்டை ஒட்டிய பந்தலடியோடு நிறுத்திக்கொண்டு, காட்டுப் பக்கம் போகாதபடி வேலி அடைப்பதுதான் வழி. இரண்டாவது கேள்வியில் சொன்ன இறகு அடையாளத்தையும் பார்த்துவிடுங்கள். காட்டோரத்தில் காட்டுப்பூனையும் அதே வேலையைச் செய்யும்.

ராத்திரி மரத்துல அடையுற கோழியை ஆந்தை பிடிக்குமா?

வீட்டு ஓட்டில் உட்கார்ந்து கத்தும் சின்னப் புள்ளி ஆந்தை பிடிக்காது, அது பூச்சியும் சுண்டெலியும் தின்பது. பாறைக் குன்றுகளில் இருக்கும் கொம்பன் ஆந்தை பெரியது, மரத்தில் தூங்கும் கோழியைப் பிடிக்கக்கூடியது. இருட்டும் முன் கூண்டில் அடைத்துவிட்டால் ஆந்தைக்கும் மரநாய்க்கும் ஒரே பதில்.

ஓசூர்ல மொட்டைமாடியில நாலு கோழி வெச்சிருக்கோம். அங்கேயும் பருந்து வருது.

மாடியில் ஒளிய இடமே இல்லை, அதனால் பந்தல், வேலி யோசனை எதுவும் உதவாது. மேலும் பக்கமும் முழுக்க மூடிய வலைக்கூண்டு வேண்டும். நிழல்வலையை மேலே இரண்டு மடிப்பாகப் போடுங்கள். குஞ்சு பொரித்தால் இரண்டு மாதம் மாடிக்கே ஏற்றாதீர்கள்.

பருந்து தூக்கிட்டுக் கீழே போட்டுடுச்சு. குஞ்சுக்கு முதுகுல நகம் பட்டிருக்கு. பிழைக்குமா?

பல பிழைக்கும். நகக்காயம் வெளியே சின்னதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த நீரில் கழுவி, சுற்றியுள்ள இறகைக் கத்தரித்து, போவிடோன் அயோடின் தடவுங்கள். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுவதும் ஈ உட்காராமல் இருக்க உதவும். முக்கியமாகத் தனியாக வையுங்கள், ரத்தம் தெரிந்தால் மற்றக் கோழிகளே கொத்திக் கொன்றுவிடும். அதிர்ச்சியில் நடுங்கும், சூடான இருட்டான பெட்டி வேண்டும். வயிறு கிழிந்திருந்தாலோ மறுநாளும் தீனி எடுக்காவிட்டாலோ கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போங்கள்.

நான் கட்டின வலையில ஒரு வல்லூறு மாட்டிக்கிட்டு உசுரோட தொங்குது. என்ன பண்றது?

கோழிகளையும் நாயையும் முதலில் அப்புறப்படுத்துங்கள். கனமான துண்டையோ சாக்கையோ அதன்மேல் தலையோடு போர்த்துங்கள். கண் மறைந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். அதன் ஆயுதம் கால் நகம்தான், அலகு இல்லை. துணியோடு சேர்த்து இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் வலையைக் கத்தரிக்கட்டும். வலையைக் காப்பாற்ற நினைத்து இறக்கையை இழுக்காதீர்கள்.

காயம் இல்லையென்றால் தரையில் வைத்துத் துணியை எடுத்துவிட்டு விலகி நில்லுங்கள், தானாகப் பறந்துவிடும். இறக்கை தொங்கினாலோ ரத்தம் வந்தாலோ, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஓசூர் வனக்கோட்டம், தருமபுரிக்குத் தருமபுரி வனக்கோட்டம். பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் சொன்னாலும் போதும். அதற்குத் தண்ணீரோ சோறோ வாயில் ஊட்டாதீர்கள். பிறகு வலை எந்த இடத்தில் தொய்ந்திருந்தது என்று பார்த்து, அன்றைக்கே இழுத்துக் கட்டிவிடுங்கள்.